கல்யாணப் பத்திரிகையைக்கூட நூலகம் ஏன் சேர்த்து வைக்குது? எளிய விளக்கம்

நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை... வேலை முடிஞ்சதும் நாம தூக்கிப் போடுற பேப்பர்கள் இவை. ஆனா சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவை பத்திரமாக இருக்கின்றன. ஏன்னு பார்க்கலாம்.

யார் இந்த ரோஜா முத்தையா?

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்தவர். சைன்போர்டு எழுதும் ஓவியர். பழைய புத்தகங்கள் மீது இருந்த ஆசையால், சுமார் 1 லட்சம் நூல்களையும் ஆவணங்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, அந்தத் தொகுப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் அது அமெரிக்காவுக்குப் போகவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகமாக உருவானது.

துண்டுச் சீட்டில் அப்படி என்ன இருக்கு?

அரசு ஆவணத்தில் வரி, நிலம், வழக்கு இருக்கும். மக்கள் எந்த நாடகத்துக்குப் போனாங்க, டிக்கெட் எவ்வளவு, பிள்ளைகளுக்கு என்ன பேர் வச்சாங்க என்பதெல்லாம் இந்த மாதிரி பேப்பரில்தான் கிடைக்கும்.

அதிகாரத்தில் இல்லாத சமூகங்களுக்கு இது இன்னும் முக்கியம். உதாரணம், அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய வார இதழ் 'ஒரு பைசாத் தமிழன்'. ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாறு, மதம், அரசியலை அவர்கள் தரப்பிலிருந்து பேசியது. 1914இல் அவர் மறைந்த பின், பொதுவெளியில் அந்த எழுத்துகள் பெரும்பாலும் மறக்கப்பட்டன. ஆர்வலர்கள் சிலர் பழைய இதழ்களைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதனால்தான் 1999இல் அவை பாளையங்கோட்டையிலிருந்து நூல் தொகுதிகளாக வர முடிந்தது. அந்த இதழ்களும் எடைக்குப் போயிருந்தால்?

ஒரே பிரதி இருந்தால் என்ன ஆபத்து?

1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. கட்டடத்தை மறுபடியும் கட்டிவிட்டார்கள். வேறு பிரதி இல்லாத சுவடிகளை யாராலும் மீட்க முடியவில்லை.

2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம் இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்களை ஸ்கேன் செய்து இலவசமாகத் தருகிறது. மலையகத் தமிழர், முஸ்லிம்கள் தொடர்பான ஆவணங்களும் அதில் உண்டு.

எப்படிப் பாதுகாக்கிறாங்க?

* மலிவான பழைய காகிதத்தில் உள்ள அமிலம் அதை மஞ்சளாக்கி நொறுக்கிவிடும். அதனால் வெயில், ஈரம், பூச்சி படாமல் வைக்க வேண்டும்.
* மைக்ரோஃபிலிம் அல்லது ஸ்கேன் மூலம் பிரதி எடுத்து, வெவ்வேறு இடங்களில் வைப்பார்கள்.
* ஆசிரியர், ஊர், ஆண்டு, அச்சகம் என எல்லாவற்றையும் பட்டியலிடுவார்கள். பட்டியலில் இல்லாத பேப்பர் இருந்தும் இல்லாத மாதிரிதான். தேடுபவர் கையில் கிடைக்காது.

நீங்க என்ன செய்யலாம்?

தாத்தா பாட்டி வீட்டுப் பரணில் பழைய கடிதம், நோட்டீஸ், சங்க மலர் இருந்தால் உடனே எடைக்குப் போடாதீங்க. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீங்க. அதன் பசை காகிதத்தைக் கெடுத்துவிடும். போட்டோ எடுத்து, அதில் இருப்பவர்கள் பெயரையும் ஊரையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்க. பிறகு ஆவண நூலகம் ஒன்றிடம் காட்டுங்க. உங்க ஊரைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சியாகக்கூட அது இருக்கலாம்.