பண்ணையாள் என்னும் பெயர்: கீழத்தஞ்சையில் ஒரு சொல்லின் வரலாறு



திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு, மன்னார்குடி மதிலழகு என்று நம் பகுதியில் சொல்வது வழக்கம். ராஜகோபாலசுவாமி கோயிலின் மதிலைப் பற்றிய பெருமை அது. ஓர் ஊரின் பெயரோடு எந்தப் பெருமை ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அந்த மதிலுக்கு உள்ளே போக முடிந்தவர்கள் முடிவு செய்தார்கள். மதிலுக்கு வெளியே சேற்றில் நின்று அந்தக் கோயிலுக்கும் நெல் விளைவித்தவர்களுக்கு என்ன பெயர் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். பண்ணையாள், படியாள், பறப்பய, பள்ளப்பய, சேரிக்காரன் என்று அந்தப் பட்டியல் நீளும். இவற்றுள் பண்ணையாள் என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, ஓர் இழிபெயர் எப்படி உண்டாகிறது, எப்போது அதன் பொருள் மாறுகிறது, எப்போது பெயர் மட்டும் மாறி இழிவு அப்படியே தங்கிவிடுகிறது என்று பார்க்க விரும்புகிறோம்.

தமிழில் 'ஆள்' என்பது விசித்திரமான சொல். ஆளுகிறவனுக்கும் அதுதான் வேர், ஆளப்படுகிறவனுக்கும் அதுதான் பெயர். 'பத்து ஆள் நடவு' என்று சொல்லும்போது அங்கே பத்து மனிதர்கள் இல்லை, பத்துப் பேரின் ஒருநாள் வேலை இருக்கிறது. பண்ணையாள் என்ற சொல்லில் ஆள் என்பது பண்ணையின் மாடு, ஏர், களம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் ஒரு பொருள். தஞ்சைக் கழனிகளில் நிலம் வேலிக் கணக்கில் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. ஒரு வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அந்த நிலத்தில் உழுதவர்கள், நட்டவர்கள், அறுத்தவர்கள் பெரும்பாலும் பள்ளர், பறையர் சமூகத்தார். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் தகப்பனைக் கட்டியது. தகப்பனின் கடன் மகனைக் கட்டியது. குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருடையது. ஆகவே வேலையை விட்டால் வீடும் போகும்.

வயதில் மூத்தவரானாலும் அவரை 'டா' போட்டு அழைத்தார்கள். அவர் பதிலுக்கு 'ஆண்டே' என்று சொல்ல வேண்டும். தோளில் துண்டு கிடந்தால் எதிரே மிராசுதார் வரும்போது அதை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். தாமதமாக வேலைக்கு வந்தால், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் சவுக்கடி. அது போதாதென்று சாணியைக் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள். அதற்குச் 'சாணிப்பால்' என்று பெயர். தண்டனைக்குக்கூட இப்படியொரு பெயர் வைத்தவர்களின் மொழியில்தான் பண்ணையாள் என்ற சொல்லும் இருந்தது. அந்தச் சொல்லின் பொருளை அகராதியில் தேடினால் கிடைக்காது. கடன்சீட்டிலும், குடிசை நின்ற மண்ணிலும், கூலி அளந்த மரக்காலிலும்தான் அது இருந்தது.

உழைப்பின் தடயத்தையே வசையாக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழை வெள்ளை விவசாயிகளை 'ரெட்நெக்' என்று இகழ்ந்தார்கள். சிவந்த கழுத்துக்காரன் என்பது அதன் நேர்ப்பொருள். வெயிலில் குனிந்து வேலை செய்ததால் கழுத்து சிவந்தது. வெயிலில் நிற்காதவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நாகரிகம் தெரியாதவன், படிக்காதவன், முரடன் என்ற பொருள்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டன. ஆனால் 1921இல் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், வெள்ளையரும் கறுப்பரும் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களுமாகப் பல்லாயிரம் பேர், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு பிளேர் மலையை நோக்கித் திரண்டபோது அதே சொல் சங்கத்துக்காரனின் பெயராயிற்று. இகழப்பட்ட கழுத்திலேயே அவர்கள் தங்கள் அடையாளத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. ரெட்நெக் என்று இகழப்பட்டவர் நகரத்துக்குப் போய்ச் சட்டை மாற்றினால் அந்தப் பெயர் உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகும் அவர் வெள்ளையர்தான். கறுப்பருக்கு மேலே அவருக்கென்று ஒரு படி எப்போதும் இருந்தது. அதனால்தான் பிற்காலத்தில் அந்தச் சொல்லைப் பாட்டாகவும் நகைச்சுவையாகவும் சட்டையில் அச்சிடும் வாசகமாகவும் ஆக்கி விற்க முடிந்தது. நம்முடைய பெயர் அப்படிப்பட்டதல்ல. சென்னைக்குப் போனாலும் சிங்கப்பூருக்குப் போனாலும் 'எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு' என்ற கேள்வி பின்னாலேயே வரும். ஆங்கிலத்தில் விலக்கப்பட்டவனைக் குறிக்கும் பொதுச்சொல்லே பறையர் என்ற நம் பெயரிலிருந்து போனதுதான். உலக நாடுகள் ஒதுக்கிவைக்கும் ஓர் அரசை இன்றும் செய்தித்தாள்கள் அந்தச் சொல்லால்தான் குறிக்கின்றன. அந்தச் செய்தியை எழுதுகிறவருக்கு அது ஒரு மக்கள்கூட்டத்தின் பெயர் என்பதுகூடத் தெரிந்திருப்பதில்லை.

இந்தப் பெயர்ச் சிறையிலிருந்து வெளியேற நம் முன்னோர் இரண்டு வழிகளைத் தேடினார்கள். அயோத்திதாசப் பண்டிதர், இது நம்முடைய பெயரே அல்ல, எதிரிகள் ஏற்றிய பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டார். இரட்டைமலை சீனிவாசனோ 1893இல் தம் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். பெயரை ஒளித்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது, தலைநிமிர்ந்து இன்னார் என்று சொல்லித்தான் கேட்க வேண்டும் என்பது அவர் நிலை. இருவரையும் எதிரெதிராக நிறுத்தி இன்றும் வாதம் செய்கிறோம். ஆனால், பெயர் வைக்கும் அதிகாரம் நம்மிடம் இருக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

1922இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு பறையர், பஞ்சமர் என்ற சொற்களைப் பதிவேடுகளிலிருந்து நீக்கி 'ஆதிதிராவிடர்' என்று எழுத ஆணையிட்டது. அது பெரிய வெற்றிதான். ஆனால் அந்த ஆணை மன்னார்குடி வயல்களுக்கு வந்து சேர்ந்தபோது என்ன மாறியது? தாசில்தார் அலுவலகப் பதிவேட்டில் ஆதிதிராவிடர் என்று எழுதப்பட்டவர் களத்துமேட்டில் பண்ணையாளாகவே நின்றார். அவருடைய கடன், குடிசை, மரக்கால் எதுவும் மாறவில்லை. பத்தாண்டு கழித்துக் காந்தியார் 'அரிசன்' என்றார். அந்தப் பெயரை அம்பேத்கரும் நம் தலைவர்களும் ஏற்கவில்லை. ஊரார் அதையும் வெகுவிரைவில் வசையாக்கினார்கள்.

இழிபெயரின் பொருள் முதன்முதலில் அசைந்தது வயலில்தான். 1943இல் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்தார். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கம்யூனிஸ்ட் அவர். மன்னார்குடிப் பகுதியின் தென்பரையில் விவசாயிகள் சங்கம் அமைந்தது. சேரியிலிருந்தே தலைவர்கள் எழுந்தார்கள். களப்பால் குப்பு அவர்களில் ஒருவர். 1948இல் திருச்சிச் சிறையில் உயிர்விட்டார். சங்கத்தின் கோரிக்கைகளைக் கவனியுங்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும். கூலி நெல்லை அரசு முத்திரையிட்ட மரக்காலில் அளக்க வேண்டும். உடம்பின் மானமும் அளவின் நேர்மையும் ஒரே பட்டியலில் இருந்தன. மிராசுதாரின் மரக்கால் சிறுத்திருப்பதும் மனிதனை 'டா' போட்டு அழைப்பதும் ஒரே ஏமாற்று என்று எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டன் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது.

1944இல் இதே மன்னார்குடியில் மிராசுதார்கள் சங்கத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் செய்ய வேண்டி வந்தது. 'ஆண்டே' என்று கைகட்டி நின்றவர்களின் பிரதிநிதிகள் எதிரே அமர்ந்தார்கள். இடுப்பில் கட்டப்பட்ட துண்டு மறுபடியும் தோளுக்கு ஏறியது, இம்முறை சிவப்பாக. பிளேர் மலைக்காரர்களின் கழுத்துத் துணியைப் பற்றி நம்மவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அடங்கியதற்கு அடையாளமாக எந்தத் துணி இருந்ததோ அதையே எழுந்து நிற்பதற்கும் அடையாளமாக்கினார்கள்.

1952இல் ராஜாஜி அரசு, தஞ்சை மாவட்டத்துக்கென்று குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை முதலில் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. வசையாக இருந்த பண்ணையாள் என்ற சொல் சட்டத்தின் தலைப்பில் ஏறியது. அன்றுமுதல் அந்தச் சொல்லுக்குள் கூலிக்கு ஓர் அளவு இருந்தது. நினைத்தபோது விரட்ட முடியாத பாதுகாப்பு இருந்தது. 'நான் பண்ணையாள்' என்று சொல்வது உரிமைகோரலாக மாறியது.

அந்த நொடியிலிருந்து மிராசுதார்களுக்கு அந்தச் சொல் வேண்டாததாயிற்று. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாள் என்று அழைத்தவர்கள், 'இவன் என் பண்ணையாள் இல்லை, தினக்கூலி' என்று சொல்லத் தொடங்கினார்கள். பண்ணையாட்களை நீக்கிவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சொல் வழக்கிலிருந்தே மங்கியது. இழிவு ஒழிந்ததால் மங்கிய சொல் அல்ல அது. அதற்குள் உரிமை புகுந்ததால் ஆதிக்கம் கைவிட்ட சொல். இழிபெயரின் வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத இடம் இதுதான்.

அடுத்த திருப்பம் இன்னும் கசப்பானது. 1960களில் கீழத்தஞ்சை நிலவுடைமையாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'நெல் உற்பத்தியாளர் சங்கம்'. சேற்றில் கால் வைக்காதவர் உற்பத்தியாளர்; நாற்று விட்டவரும் நட்டவரும் களை பறித்தவரும் அறுத்தவரும் கூலிகள். செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்று கீழவெண்மணி மக்களை மிரட்டியது அந்தச் சங்கம்தான். கூலி உயர்வு கேட்டு நின்ற அந்த மக்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள்.

நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் சிலருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும் நிலங்களுக்குச் சொந்தக்காரர்கள், அவர்களில் ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருந்தது. ஒரு பெயர் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒரு பக்கம் கனவான் என்ற நற்பெயர், மறு பக்கம் கூலிக்காரன் என்ற பெயர். கண்ணால் பார்த்தவர்களின் சாட்சியத்தைக் காட்டிலும் கார் வைத்திருப்பவர் நடந்திருக்க மாட்டார் என்ற ஊகத்துக்கு எடை கூடியது. இழிபெயர் மனதைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை. யாருடைய சொல் நம்பப்படும் என்பதையும் அது தீர்மானிக்கிறது.

வெண்மணிக்குப் பிறகு 1969இல் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு நிலத்தை அதில் வாழ்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. பின்னாளில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் லாப்டி இயக்கம் நிலத்தைப் பெண்களின் பெயரிலேயே வாங்கிக் கொடுத்தது. இன்னார் பண்ணையின் ஆள் என்று அறியப்பட்ட குடும்பத்தின் பெண் பட்டாவில் தன் பெயரைப் பார்த்தாள். நம் பகுதியில் நடந்த பெயர் மாற்றங்களில் மிக ஆழமானது அதுதான் என்று கருதுகிறோம்.

இன்றும் பெயர் மாற்றங்கள் நடக்கின்றன. 2021இல் நாடாளுமன்றம் பள்ளர் உள்ளிட்ட ஏழு பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரில் சேர்த்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர், 'காலனி' என்ற சொல் இழிவின் குறியாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். இரண்டையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்வது எந்த மக்களுக்கும் அடிப்படை உரிமை. ஆனால் சேரி என்ற சொல் போய் அரிசனக் காலனி வந்ததையும், இப்போது காலனியும் போக வேண்டியிருப்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். தெருவின் பெயர்ப்பலகை மாறியும் அந்தத் தெரு ஊருக்கு வெளியிலேயே இருந்தால், சுடுகாட்டுப் பாதை இன்னும் வரப்பின் மேலேயே போனால், அடுத்த சொல்லும் ஒரு தலைமுறைக்குள் வசையாகிவிடும்.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் கல்லூரியில் தெருப் பெயரைச் சொல்லத் தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கத்தை நாம் குற்றம் சொல்லமாட்டோம். பெயரைச் சொல்வதா மறைப்பதா என்பது அவரவர் உயிர்ப்பாதுகாப்போடும் பிழைப்போடும் சேர்ந்த முடிவு. ஒரு புதிய பெயர் நம் கைக்கு வரும்போது, அதோடு சேர்ந்து என்ன கைமாறியது என்று மட்டும் கேளுங்கள். 1922இல் ஏடு மாறியது. 1944இல் மரக்கால் பேச்சுக்கு வந்தது. 1952இல் உரிமை வந்தது. உடனே அந்தச் சொல்லை நம்மிடமிருந்து பறிக்கவும் முயன்றார்கள். 1971க்குப் பிறகுதான் காலடி மண் நம்முடையதாகத் தொடங்கியது.

உங்கள் ஊர்களில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தப் பண்ணையில் வேலை செய்தார்கள், எந்த மரக்காலில் கூலி வாங்கினார்கள், துண்டை எந்த ஆண்டு தோளில் போட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எழுதும்போது 'கூலி' என்று எழுதாதீர்கள். நெல்லை விளைவித்தவர்கள் அவர்கள்தான். உற்பத்தியாளர் என்ற சொல் அவர்களுடையது.