ஒரே வரைபடம், வேறு வேறு துப்பாக்கிகள்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் முன் நிற்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். ஒரே வரைபடத்தை வைத்துக் கடைந்த இரண்டு உருப்படிகள் மயிரிழையேனும் வேறுபடும் என்பார். அந்த மயிரிழையை எதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது சமாதான காலத்தில் பொறியாளரின் கேள்வி. போர்க்காலத்தில் அது சிப்பாயின் உயிர்.

முதல் உலகப்போரில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுவையினர் பலர் பிரான்சுக்காகப் போரிட்டனர். அப்படையின் முதன்மைத் துப்பாக்கி 1886ஆம் ஆண்டின் லெபெல். குழலுக்கடியிலுள்ள குழாயில் எட்டுத் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும். ஆனால் அதன் பெருமளவு உற்பத்தி போருக்கு முன்பே நின்றிருந்தது. ஆகவே செனகல் படையினருக்கென 1907இல் உருவாக்கிய பெர்த்தியே துப்பாக்கியைச் சற்றே திருத்தி, 1915 முதல் பிரெஞ்சுச் சிப்பாய்க்கும் கொடுத்தார்கள். வளைந்திருந்த போல்ட் கைப்பிடி நேரானது, தோட்டாக்களோ மூன்றுதான். எதிரிலிருந்த ஜெர்மானியரின் மௌசரில் ஐந்து! 1916இல்தான் பெர்த்தியேவும் ஐந்துக்கு மாறியது. (காலனிக்குப் போதும் என்று செய்தது கடைசியில் பாரிசுக்கே தேவைப்பட்டது என்பது வரலாற்றின் குறும்பு.)

எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாயின் கையில் லீ-என்ஃபீல்ட். 1914இல் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படையிடம் பழைய வகைத் துப்பாக்கிகள் இருந்தன. அவை மழுங்கிய முனையுள்ள பழைய தோட்டாவுக்கானவை. ஐரோப்பியக் களத்திலோ கூர்முனைத் தோட்டா. இரண்டும் வேறு பாதையில் பறப்பவை. குறிகாட்டியின் அளவுகளும் அதற்கேற்ப வேறு. எனவே அங்கேயே புதிய துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. பழகிய ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுப் பழகாததைத் தோளில் சுமந்து பதுங்குகுழிக்குப் போனார்கள்.

1916 ஜனவரியில் அந்தத் துப்பாக்கியும் எளிமையாக்கப்பட்டது. தோட்டா அறையை அடைக்கும் தகடு போயிற்று. 2,800 கஜம் வரை கூட்டமாகச் சுடுவதற்கென்று பக்கவாட்டில் இருந்த குறிகாட்டி போயிற்று. பின்குறிகாட்டியைக் காற்றுக்கேற்ப நகர்த்தும் வசதியும் போயிற்று. குறைத்தவை எல்லாம் எந்திர நேரத்தை விழுங்கியவை. சுடுவதற்கு இன்றியமையாதவை அல்ல.

குறைக்க முடியாத ஒன்றும் இருந்தது. மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் உள்ள இடைவெளி மிகுந்தால் பித்தளைக் கூடு பிளந்து சுடுபவரையே காயப்படுத்தலாம். அதனால் ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் துப்பாக்கிக்குப் பொருத்திப் பார்த்து, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்தார்கள். பல துப்பாக்கிகளை ஒன்றாகத் துடைக்கும்போது போல்ட் மாறிவிட்டால் அது வெறும் கவனக்குறைவு அன்று. பிந்தைய நான்காம் எண் வகையில் போல்ட் தலைகளையே 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் செய்து இச்சிக்கலைச் சமாளித்தனர். எல்லாம் ஒன்றுபோல் அமையாது என்பதை எந்திர யுகமே ஒப்புக்கொண்ட இடம் இது.

கல்கத்தாவுக்கு அருகிலுள்ள இச்சாப்பூர் தொழிற்சாலை இத்துப்பாக்கியைத் தன் போக்கில் வளர்த்தது. இரண்டாம் உலகப்போரில் 17 அங்குலமாக இருந்த துப்பாக்கிமுனைக் கத்தி அங்கே 12 அங்குலமானது. எறிகுண்டு ஏவும் துப்பாக்கிகளின் முன்கட்டையில் கம்பி சுற்றினார்கள், வெடித்தாலும் சிதறாதிருக்க. 1962 சீனப் போருக்குப் பின் அதே உடலமைப்பை உறுதியான எஃகில் செய்து 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றினார்கள். அதன் முதல் வடிவத்தில் குறிகாட்டி 2,000 மீட்டர் வரை காட்டியது. அடுத்த வடிவத்தில் 800 மீட்டரோடு நிறுத்திவிட்டார்கள்.