பாஸ்வேர்டு மாத்தியும் பி.எஃப். பாஸ்புக் திறக்கலையா? 6 மணி நேரம் பொறுங்க!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆலைகளில் கான்ட்ராக்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கு, சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் கணக்கில் சேர்ந்ததா என்பதற்கு பாஸ்புக்தான் சாட்சி. அது திறக்காவிட்டால் என்ன செய்வது?

ஏன் திறக்கவில்லை?
உறுப்பினர் போர்ட்டல் வேறு, பாஸ்புக் தளம் வேறு. போர்ட்டலில் மாற்றிய பாஸ்வேர்டு, பாஸ்புக் தளத்தில் 6 மணி நேரம் கழித்துதான் செல்லும். அதற்குள் மறுபடி மறுபடி மாற்றாதீங்க.

பாஸ்வேர்டு மறந்துட்டா?
போர்ட்டலில் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' அழுத்தி, 12 இலக்க யுஏஎன் எண்ணைக் கொடுங்க. பதிவு செய்த மொபைலுக்கு ஓடிபி வரும். பழைய சிம் இல்லையா? பெயர், பிறந்த தேதி, ஆதார் அல்லது பான் விவரம் பொருந்தினால் புது நம்பர் கொடுக்கலாம்.

உள்ளே போயும் பாஸ்புக் இல்லையா?
சொந்தமாக பி.எஃப். டிரஸ்ட் நடத்தும், விலக்கு பெற்ற நிறுவனங்களின் ஊழியர்களுக்கு இந்தத் தளத்தில் பாஸ்புக் வராது. கணக்கு விவரத்தை ஹெச்.ஆரிடம் கேளுங்க.

அவசரமா இருப்பு தெரியணுமா?
ஆதார், பான் அல்லது வங்கிக் கணக்கு இணைத்திருந்தால், பதிவு செய்த மொபைலில் இருந்து 9966044425க்கு மிஸ்டு கால் போதும். உதவிக்கு 14470. ஓடிபியை மட்டும் கான்ட்ராக்டர் கேட்டாலும் சொல்லாதீங்க!