முத்துச் சிப்பியின் பூட்டு

முத்துச் சிப்பிக்கு இயற்கை ஒரு பூட்டு வைத்திருக்கிறது. இரண்டு ஓடுகளையும் இறுக்கி மூடுவது உள்ளேயுள்ள தசை. விரிக்கப் பார்ப்பதோ கீல் பக்கத்து நார்ப்பட்டை. சிப்பி சோர்ந்தாலோ இறந்தாலோ தசை தளரும். ஓடு தானே திறக்கும். தூத்துக்குடிக் கடலில் முத்துத் திருட்டுக்கு இடமளித்தது பூட்டின் இந்தப் பழுதுதான். பாரிலிருந்து படகு கரை சேருமுன் வெயிலில் வாய் பிளந்த சிப்பிக்குள் ஒரு குச்சியை விட்டால் போதுமே! படகில் காவலர் இருந்தாலும் எத்தனை கைகளைப் பார்ப்பார்?

ஆகவே, குளிப்பவர்க்குச் சிப்பிகளில் ஒரு பங்கே கூலியாகக் கிடைத்தது. பிற்காலத்தில் அது மூன்றில் ஒன்று. பங்காளியைவிட நல்ல காவலர் ஏது? மீதிச் சிப்பிகளை அரசு திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டது. முத்து இருக்குமா என்ற கவலையோடு காவல் வேலையும் வணிகர் தலையில் விழுந்தது.

அவர்கள் சிப்பிகளை வேலிக்குள் குவித்துச் சதை அழுகும்வரை காத்திருந்தனர். கழுவுவோரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தனர். அப்படியும் முத்தை விழுங்கியவர் உண்டு. வளைகுடாவின் மறுகரையான இலங்கையில், சந்தேகப்பட்டவரை அடைத்து வைத்து வாந்தி மருந்தும் பேதி மருந்தும் கொடுத்ததாக 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் குறிப்புகள் கூறுகின்றன. சந்தேகம் பொய்யானாலும் பேதி மெய்தான்!

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது.