ஜீனோ பிறந்த கதை

காவிரியும் கொள்ளிடமும் அணைத்துக்கொண்டிருக்கும் ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர் ரங்கராஜன். பின்னாளில் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மனைவியின் பெயரில் எழுத்தாளர் சுஜாதா.

1857 சிப்பாய்க் கலகத்தைக் களமாக வைத்து குமுதம் வார இதழில் அவர் ஆரம்பித்த தொடர், 'கறுப்பு சிவப்பு வெளுப்பு'. ஒரு சமூகத்தாரிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்து பாதியில் நின்றுபோனது. அத்தோடு சரித்திரத்துக்கே கும்பிடு போட்டிருக்கலாம். அவரோ கதையை மாற்றி, 'ரத்தம் ஒரே நிறம்' என்று மறுபடி எழுதினார். காதல், பழி, வாள், குதிரை எல்லாம் உண்டு. ஆனால் சரித்திர நாவல்களில் கல்கியும் சாண்டில்யனும் பழக்கியிருந்த இளவரசன் இல்லை. கதாநாயகன் முத்துக்குமரன் சாமானியன், தகப்பனைக் கொன்ற வெள்ளைக்காரனைத் தேடிப் போகிறவன். அதிகாரம் ஒரு தனி மனிதனை எப்படி நசுக்குகிறது என்பதுதான் அதில் என்னை உலுக்கியது.

அதே கேள்வியை அவர் எதிர்காலத்துக்குக் கொண்டுபோனபோது பிறந்தது 'என் இனிய இயந்திரா' என்றே நம்புகிறேன். 1980-களில் ஆனந்த விகடனில் வந்தது. கதை நடப்பது 2020-களின் இந்தியாவில். ஆள்வது ஜீவா. குடிமக்களின் பெயர் இரண்டே எழுத்து: நிலா, சிபி, ரவி, மனோ. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதிக்க வேண்டும். நெருக்கடி நிலையின்போது ஆட்களைப் பிடித்துப்போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்ததை நாடு இன்னும் மறக்காத காலம் அது. வாசகருக்கு இது வெறும் கற்பனையாக இருந்திருக்காது. எல்லோரும் நடுங்கும் அந்த ஜீவா, கடைசியில் ஒளியால் ஆன பிம்பம். ஆளே கிடையாது! 'ரத்தம் ஒரே நிற'த்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கொடியின் கீழ் முகம் தெரியாத ஆட்சியை எழுதிய கைக்குத்தான் இது வரும்.

அந்த நாட்டில் பயமில்லாமல் யோசிக்கிற ஒரே ஜீவன் ஜீனோ, ஓர் இயந்திர நாய்க்குட்டி. பேசும், புத்தகம் படிக்கும், தானாகவே புத்தி வளர்த்துக்கொள்ளும். மனிதர்கள் கைவிட்ட வேலையை அது எடுத்துக்கொண்டது. வாசகர்கள் விடவில்லை, இரண்டாம் பாகமாக 'மீண்டும் ஜீனோ' வந்தது; 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனிலும் தொடராயிற்று.

பிறகு சுஜாதா சரித்திரத்துக்கே திரும்பினார். 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'யில் ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூர் வருகிறது. அங்கும் மாமன்னனை விட, தன் துப்பறியும் கதைகளின் வக்கீல்களான கணேஷ்-வசந்த் ஜோடியின் சாயலில் படைத்த வசந்தகுமாரனும் கணேச பட்டருமே அவருக்கு முக்கியம்.