வேய்ல் மலையும் அதன் உரிமையாளர்களும்

அரபியர் 'தல்ஜ்' என்னும் ஒரே சொல்லால் வானிலிருந்து பொழியும் வெண்பனியையும் உறைந்து இறுகிய நீர்க்கட்டியையும் குறிப்பர். நமக்கோ பனி என்றதும் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளியே நினைவுக்கு வரும். ஆகவே, ஆள் உயரத்துக்கு வெண்பனி குவிந்து கிடக்கும் மலைகளை முதலாகக் கொண்டு நடைபெறும் ஒரு வாணிகத்தைப் பற்றி எழுதப் புகும்போது, வாசகர்கள் சற்றே கற்பனையின் துணையை நாட வேண்டியிருக்கும். காலில் நீண்ட பலகைகளைப் பிணைத்துக்கொண்டு மலையுச்சியிலிருந்து பனியின்மேல் சறுக்கி இறங்குவது அந்நாட்டார் விளையாட்டு. மேலே ஏறுவதற்குக் கம்பிவடத்தில் ஓடும் நாற்காலிகள் உண்டு. வருவோர்க்கு உணவும் உறையுளும் கருவியும் பயிற்சியும் விற்கப்படும். இத்தகைய தலங்கள் நாற்பதுக்கு மேல் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அமெரிக்காவின் வேய்ல் ரிசார்ட்ஸ் என்பது அதன் பெயர்.

இந்நிறுவனத்தின் தொடக்கத்தைத் தேடிச் சென்றால் போர்க்களத்தில் போய் நிற்கிறோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில், கொலராடோ மாநிலத்தில் 9,200 அடி உயரத்தில் கேம்ப் ஹேல் என்னும் பாசறை எழுந்தது. பனியிலும் பாறையிலும் போரிடப் பத்தாவது மலைப்படையினர் அங்கே பழக்கப்பட்டனர். 1945 பிப்ரவரியில் இத்தாலியின் ரீவா முகட்டை இவர்கள் இரவோடு இரவாக ஏறிப் பிடித்தனர். அந்தச் சில மாதப் போரில் இப்படையினர் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். மாளாமல் தப்பியவருள் ஒருவர் பீட் சைபர்ட். எறிகுண்டு வெடித்து முகமும் கையும் சிதைந்தன. வலக்கால் முழங்கால் சில்லும் போயிற்று. இனி நடப்பதே அரிது என்றனர் மருத்துவர். அவரோ சில ஆண்டுகளில் ஆஸ்பென் மலையில் பனிச்சறுக்குக் காவலராக வேலைக்கு அமர்ந்தார். காயம்பட்டோரை மலையிலிருந்து இறக்குவதும், பனிச்சரிவு விழக்கூடிய இடங்களை முன்னரே கண்டு தடுப்பதும் இக்காவலரின் தொழில். வாசகர்கள் இத்தொழிலை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

ஏர்ல் ஈட்டன் அப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். யுரேனியம் தேடி மலைமலையாக அலைந்தவர். யுரேனியம் அவருக்கு வாழ்வு தரவில்லை. ஆனால் எவரும் பெயரிட்டு மதிக்காத ஒரு மலையை அவர் கண்டு வைத்திருந்தார். 1957 மார்ச்சில் சைபர்ட்டை அழைத்துக்கொண்டு பல மணி நேரம் பனியில் ஏறி உச்சியை அடைந்தார். மலையின் பின்புறத்தில் மரமற்ற அகன்ற பள்ளத்தாக்குகள் பனி நிறைந்து கிடந்தன. யூட் என்னும் பழங்குடியினர் தம் நிலத்தைப் பறித்த வெள்ளையர்மீது சினந்து காட்டுக்கு வைத்த தீயே அம்மரங்களை அழித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை அவ்வாறிருக்க, யூட் மக்களுள் பெரும்பகுதியினர் 1881இல் கொலராடோவை விட்டு யூட்டா நிலப்பகுதிக்கு வெளியேற்றப்பட்டது ஐயத்துக்கு இடமில்லாத வரலாறு. தலம் தோன்றிய தொடக்க ஆண்டுகளில் பனி பொழியாது போகவே, அதே யூட் குலத்தாரை வரவழைத்துப் பனி வேண்டி ஆடச் செய்தனர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

அடிவாரத்து ஆட்டுப் பண்ணையை வாங்க வேண்டும். உண்மை நோக்கம் தெரிந்தால் விலை ஏறிவிடும். எனவே நண்பர்கள் மீன்பிடிப்போரும் வேட்டையாடுவோரும் கூடும் சங்கம் ஒன்றின் பெயரால் நிலத்தை வாங்கினர். இத்தந்திரத்தை நாம் மெச்சுவதற்கில்லை. முதலீட்டாளரிடம் பத்தாயிரம் டாலர் வீதம் திரட்டினர். 1962 டிசம்பர் 15இல் தலம் திறக்கப்பட்டது. அன்று ஒரு கம்பிவடக் கூண்டு வண்டியும் இரண்டு நாற்காலி வரிசைகளுமே இருந்தன. நாட்சீட்டின் விலை 5 டாலர். ஒரு சறுக்குப் பாதைக்கு 'ரீவா முகடு' எனப் பெயரிட்டனர்.

இங்கே ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். வாங்கப்பட்டது அடிவாரம் மட்டுமே. சறுக்கி இறங்கும் மலை அன்றும் இன்றும் வெள்ளாற்றுத் தேசியக் காட்டைச் சேர்ந்த அரசு நிலம். நடுவண் அரசின் வனத்துறை உரிமச் சீட்டு வழங்குகிறது; நிறுவனம் வருவாயில் ஒரு பங்கைக் கட்டணமாகச் செலுத்துகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய உரிமத்தை நாற்பது ஆண்டு வரையும் வழங்கலாம்.

மலை மாறவில்லை, நிறுவனம்தான் கைமாறிக்கொண்டே இருந்தது. 1974இல் ஆட்சித் தலைவரான ஜெரால்டு ஃபோர்டு அங்கே சறுக்கி விளையாடியதால் ஊரின் புகழ் உலகறிந்தது. 1976இல் கூண்டு வண்டி விபத்தில் நால்வர் இறந்தனர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சைபர்ட்டும் வெளியேறினார். 1985இல் வாங்கியவர் ஜார்ஜ் கில்லெட். அவருடைய நிறுவனம் கடனில் மூழ்கவே, அப்போலோ என்னும் முதலீட்டுக் குழு 1992இல் கைப்பற்றியது. 1997இல் கால்நடைத் தீவனத்துக்குப் பேர்போன ரால்ஸ்டன் பியூரினாவிலிருந்து பிரிந்த ரால்கார்ப் நிறுவனத்திடமிருந்து அண்டைத் தலங்கள் இரண்டை வாங்கி, அவ்வாண்டே பங்குச் சந்தையிலும் புகுந்தது. மறு ஆண்டு அக்டோபரில், புதிய விரிவாக்கம் காட்டுப் பூனையினமான லிங்ஸின் வாழிடத்தை அழிக்கும் என்று சினந்த ஒரு தலைமறைவுக் குழு மலையுச்சிக் கட்டடங்களுக்குத் தீ வைத்தது. இழப்பு 120 இலட்சம் டாலர். தீயிட்டவர் சிறை சென்றனர், விரிவாக்கமும் நிறைவேறியது.

பனியை நம்பிய வாணிகம் மானாவாரிப் பயிரை ஒத்தது. பொழியாவிட்டால் முதலே போய்விடும். 2008இல் ராப் காட்ஸின் தலைமையில் இதற்கு ஒரு வழி காணப்பட்டது. பருவம் முழுமைக்கும் எல்லாத் தலங்களுக்கும் செல்லும் 'எபிக்' சீட்டு 579 டாலருக்குப் பனிக்காலம் பிறப்பதற்கு முன்பே விற்கப்பட்டது. பொழிந்தாலும் பொய்த்தாலும் பணம் முன்னதாகவே பெட்டியில் விழுந்துவிடும். பனி பொய்க்கும் கவலை இவ்வாறு பெரிதும் வாங்குவோர் தோளுக்கு மாறியது. முன்பணம் குவியக் குவிய, கனடாவின் விஸ்லர், ஆஸ்திரேலியாவின் பெரிஷர், சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் என மலைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முன்னதாக வாங்காமல் வேய்லுக்கு நேரே வருபவரின் உச்ச நாட்சீட்டு விலையோ 300 டாலரையும் தாண்டிற்று.

யூட்டா மாநிலத்துப் பார்க் சிட்டி வந்த விதம் தனிக் கதை. அது பழைய வெள்ளிச் சுரங்க ஊர். அங்குத் தலம் நடத்திய பவ்டர் நிறுவனம் மலையின் மேற்பகுதியை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,55,000 டாலர் என்னும் மிகக் குறைந்த குத்தகைக்கு அனுபவித்து வந்தது. 2011ஆம் ஆண்டு ஏப்ரல் முடிவுக்குள் குத்தகையைப் புதுப்பிக்கும் கடிதம் சேர வேண்டும். அது சில நாள் பிந்திவிட்டது. நிலவுடைமையாளர் 2013இல் வேய்லுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள, வழக்கு பவ்டருக்குப் பாதகமாகவே நடந்தது. 2014 செப்டம்பரில் எஞ்சிய அடிவாரத்தையும் 18.25 கோடி டாலருக்கு வேய்லிடம் விற்று அந்நிறுவனம் அகன்றது. ஒரு கடிதத்தின் தாமதம் ஒரு மலையைப் பறித்ததற்கு வேறு சான்றை நாம் படித்ததில்லை. அடுத்த ஆண்டு பக்கத்துத் தலத்தோடு இணைக்கப்பட்டு 7,300 ஏக்கர் பரப்புடையதாயிற்று பார்க் சிட்டி.

அந்தப் பார்க் சிட்டியில்தான் 2024 டிசம்பர் 27இல், விடுமுறைக் கூட்டம் நிரம்பி வழிந்த வேளையில், மலைக்காவலர் ஏறத்தாழ இருநூறு பேர் வேலை நிறுத்தம் செய்தனர். சைபர்ட் ஒரு காலத்தில் செய்த அதே தொழிலைச் செய்பவர்கள். வெடி வைத்துப் பனிச்சரிவை அடக்குவோர். முறிந்த காலுடன் கிடப்பவரைச் சறுக்குக் கட்டிலில் ஏற்றி இறக்குவோர். தொடக்கக் கூலியை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 டாலராக உயர்த்துக என்பது அவர்கள் கோரிக்கைகளுள் முதன்மையானது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு டாலர்! காவலரின்றிப் பெரும்பகுதி மலையைத் திறக்க இயலவில்லை. வெளியூர்களிலிருந்து பெருஞ்செலவு செய்து வந்த குடும்பங்கள் திறந்திருந்த சில நாற்காலி வரிசைகளின் முன்னே மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன. காத்திருந்தோருள் சிலர் நிறுவனத்துக்கு எதிராகவே முழக்கமிட்டனர். பங்கு விலையும் சரிந்தது. பதின்மூன்றாம் நாள், 2025 ஜனவரி 8இல், கேட்ட இரண்டு டாலரும் கிடைத்து ஒப்பந்தம் நிறைவேறியது. காவலர்கள் மலைக்குத் திரும்பினர்.