குழலற்ற தொலைநோக்கி: ஹைகன்ஸின் எடைக்குறைப்பு முறையும் அதன் வரலாற்று இடமும்

முன்னுரை

அறிவியல் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் புதிய உறுப்புகள் சேர்ந்த வரலாறாகவே எழுதப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒளிவிலகல் தொலைநோக்கி பெற்ற மாற்றமோ உறுப்பு ஒன்றை நீக்கியதால் நேர்ந்தது. டச்சு அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ் (1629–1695) அக்கருவியின் நீண்ட குழலை அகற்றிவிட்டு, கம்பம், கயிறு, மரத்துண்டு, ஈய எடை ஆகிய எளிய பொருள்களைக் கொண்டு அதனை மறுபடி அமைத்தார். இவ்வமைப்பு நெடுங்காலம் நிலைக்காத ஒரு விந்தை முயற்சியாகவே பலராலும் கருதப்படுகிறது. அக்கருத்து பொருந்துமா என்பதை அதன் அமைப்பையும் பயனையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நீளமும் எடையும்

கெப்ளர் 1611இல் விளக்கிய இரு குவிவில்லைத் தொலைநோக்கியில், ஒற்றை வில்லை ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு தொலைவில் குவிப்பதால் பிம்பத்தைச் சுற்றி வண்ண விளிம்பு தோன்றியது. வில்லையின் வளைவைக் குறைத்துக் குவியத்தூரத்தைக் கூட்டினால் இக்குறை தணியும் என்பதை வானியலாளர் பட்டறிவால் உணர்ந்தனர். ஆயினும் வில்லையின் விட்டத்தையும் உருப்பெருக்கத்தையும் இருமடங்காக்க வேண்டுமெனில் குவியத்தூரம் நான்கு மடங்காதல் வேண்டும். எனவே கண்ணாடி சிறிது பெருக, குழல் பன்மடங்கு நீண்டது.

இப்போக்கின் உச்சத்தை டான்சிக் நகரத்து ஹெவெலியஸின் 150 அடித் தொலைநோக்கியில் காணலாம். 1673இல் வெளிவந்த ‘மாகினா செலஸ்டிஸ்’ நூலில் அவர் அதனை விவரித்துள்ளார். மூடிய குழல் தாங்கவொண்ணா எடையுடையதாகும் என்பதால், நீண்ட பலகைகளைத் திறந்த வாய்க்கால் போல இணைத்து, உயர்ந்த கம்பத்திலிருந்து கயிறுகளால் தொங்கவிட்டார். எடை குறைந்தபோதிலும் இடர்கள் நீங்கவில்லை. பலகைகள் வளைந்தன, ஈரக்காற்றில் கயிறுகள் சுருங்கின, சிறு காற்றும் கருவியை அசைத்தது, இயக்குவதற்குப் பல உதவியாளர் தேவைப்பட்டனர்.

ஹைகன்ஸின் தீர்வு

ஹைகன்ஸ் சகோதரர்கள் தம் வில்லைகளைத் தாமே தேய்த்து உருவாக்கினர். அவ்வாறு செய்த ஏறத்தாழ 12 அடித் தொலைநோக்கி ஒன்றினால்தான் 1655இல் கிறித்தியான் சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனைக் கண்டறிந்தார். 1680களில் தமையன் கான்ஸ்டன்டைனுடன் அவர் உருவாக்கிய வில்லைகளின் குவியத்தூரம் 123, 170, 210 அடி என உயர்ந்தது. இவற்றுக்கு ஹெவெலியஸின் வழி உதவாது. 1684இல் வெளியிட்ட ‘ஆஸ்ட்ரோஸ்கோப்பியா கம்பெண்டியாரியா’ என்னும் சிறுநூலில் அவர் மாற்றுவழியை விளக்கினார்.

குழலுக்கு இரு பணிகள் உண்டு: இரு வில்லைகளையும் ஒரே அச்சில் நிறுத்துதல், புற ஒளியைத் தடுத்தல். இருண்ட இரவில் இரண்டாம் பணிக்குத் தேவை குறைவு. முதற்பணியை ஒரு பட்டுக்கயிற்றிடம் ஒப்படைத்தார் ஹைகன்ஸ். பொருளருகு வில்லை ஒரு குறுங்குழலில் பொருத்தப்பட்டு, ஈய எடையால் சமன் செய்யப்பட்டுப் பந்துக்கிண்ண மூட்டின்மீது அமர்ந்தது. அதனைத் தாங்கிய பலகை, கம்பத்தின் காடி வழியே ஏறி இறங்கியது. கண்ணருகு வில்லையைக் கையில் ஏந்திய நோக்குநர் கயிற்றை இழுத்துப் பிடித்ததும் மேலுள்ள வில்லை அவரை நோக்கித் திரும்பியது. இருளில் அதன் இருப்பிடத்தை, விளக்கொளி அதில் பட்டு எதிரொளிப்பதைக் கொண்டு அறிந்தார். மரத்தாங்கி ஒன்று கைநடுக்கத்தைக் குறைத்தது.

இத்துணை எளிய அமைப்பு எவ்வாறு பயன் தந்தது? 123 அடி வில்லையின் குவியத்தூரம் அதன் விட்டத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு. இன்றைய ஒளியியல் கணக்கின்படி இத்தகைய வில்லையில் கண்ணருகு வில்லை சில மில்லிமீட்டர் முன்பின் நகர்ந்தாலும், மேல்வில்லை சிறிது சாய்ந்தாலும் பிம்பம் பெரிதும் கெடாது. குழலை அமைக்க இயலாததாக்கிய அதே நீளம்தான் குழல் இன்றியும் காண இடமளித்தது.

பயனும் எல்லையும்

1684இல் பாரிசு வானோக்கு நிலையத்தில் காசினி, கம்பானி செய்த நெடுங்குவிய வில்லைகளைக் குழலின்றிப் பயன்படுத்தி, சனியின் டெதிஸ், டையோன் ஆகிய துணைக்கோள்களைக் கண்டறிந்தார். ஹைகன்ஸ் சகோதரர்களின் 123 அடி வில்லை 1692இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு வழங்கப்பட்டது. பின்னர் அதனை இரவலாகப் பெற்ற ஜேம்ஸ் பவுண்டு, வான்ஸ்டெட்டில் நிறுவினார். அதற்கான கம்பம், லண்டனின் ஸ்ட்ராண்டு தெருவில் மே விழாவுக்காக நின்றிருந்து அகற்றப்பட்டது; அதனை நியூட்டன் பெற்றுத் தந்தார். அங்கு எடுத்த கோள் அளவீடுகள் 1726இல் வெளிவந்த ‘பிரின்சிப்பியா’ மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றன. 1722இல் பிராட்லி 212 அடி குவியத்தூரமுடைய கருவியால் வெள்ளியின் விட்டத்தை அளந்தார்.

எனினும் குழல் சுமந்த பளு முற்றிலும் மறைந்துவிடவில்லை. அது நோக்குநரின் தோளுக்கு மாறியது. புவிச்சுழற்சியால் 123 அடித் தொலைவில் வான நடுக்கோட்டு விண்மீனின் பிம்பம் நொடிக்கு ஏறத்தாழ 2.7 மி.மீ. நகரும், நிமிடத்துக்கு 16 செ.மீ. அதனைக் கையால் தொடர்ந்தாக வேண்டும். அந்தியொளியிலும் நிலவொளியிலும் பிம்பம் மங்கியது. 1721இல் ஹாட்லி ராயல் சொசைட்டியில் காட்டிய, ஏறத்தாழ 6 அடி நீளமே உடைய எதிரொளிப்புத் தொலைநோக்கியைப் பவுண்டும் பிராட்லியும் 123 அடிக் கருவியோடு ஒப்பிட்டனர். ஒளிர்வு குறைந்திருப்பினும் தெளிவில் அது இணையாக நின்றது. 1758இல் டாலண்டு காப்புரிமை பெற்ற நிறப்பிறழ்ச்சி நீக்கிய வில்லையோ ஒளிவிலகல் தொலைநோக்கிக்கே நீளத்தைத் தேவையற்றதாக்கியது.

முடிவுரை

எடைச்சிக்கலின் வேர் கண்ணாடியின் இயல்பில் இருந்தது. ஹைகன்ஸின் அமைப்பு அவ்வேரைத் தொடவில்லை. அதனால்தான் அது நிலைக்கவில்லை. ஆயினும் அவ்வேர் களையப்படும்வரை, வேறெவ்வழியிலும் பயன்படுத்த இயலாத வில்லைகளைப் பயனுக்குக் கொணர்ந்தது அதுவே. ஹெவெலியஸ் குழலை இலேசாக்க முயன்றார். ஹைகன்ஸ் குழலின் பணி யாது என வினவி, அப்பணியை மட்டும் காத்துக்கொண்டார். துணைக்கோள்கள் இரண்டும் ‘பிரின்சிப்பியா’ ஏற்ற அளவீடுகளும் அவ்வினாவின் வழியே கிடைத்தமையால், குழலற்ற தொலைநோக்கியை விந்தை முயற்சி என ஒதுக்குதல் பொருந்தாது.